காடு வெட்டும் மிஷினுக்கு எந்த ஆயில், எந்தப் பெட்ரோல்?

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூடு பக்கம் ரப்பர் விளை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். புதிதாக டூ ஸ்ட்ரோக் காடு வெட்டும் மிஷின் (பிரஷ் கட்டர்) வாங்கியிருக்கிறார். கூட வந்த புத்தகத்தில் 50:1, அதாவது ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், என்று போட்டிருக்கிறது. விற்ற கடைக்காரர் "ஆட்டோவுக்கு ஊற்றுற 2டி ஆயில் போதும், லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுங்க" என்கிறார். வெள்ளறடையில் இருக்கும் மச்சான் "அது வேண்டாம், எஃப்டி ஆயில் வாங்கி 20 மில்லி ஊற்று" என்கிறார். நடுவில் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஊற்றினால் இஞ்சினே போய்விடும் என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

மச்சான் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. ஆயில் விஷயம் அதோடு முடிந்துவிடும், ஒரு தடவை சரியாக வாங்கினால் போதும். பெட்ரோல் அப்படியல்ல. நம் பக்கத்தில் இந்த மிஷின்கள் கெட்டுப்போவதில் ஆயிலை விடப் பெட்ரோலுக்குத்தான் இப்போது பங்கு அதிகம் என்பது என் கருத்து. அதிலும் பெட்ரோல் எந்த வகை என்பதைவிட, அது எத்தனை நாள் எப்படிக் கிடந்தது என்பதுதான் பெரிது. ஆயிலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கடையில் குழப்புவது அதைத்தான்.

பைக் இஞ்சினில் அடியில் ஒரு லிட்டர் ஆயில் கிடக்கும், அது சுற்றிச் சுற்றி எல்லா இடத்துக்கும் போய்த் திரும்பி வரும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி ஒரு தொட்டியே கிடையாது. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகிற ஆயில்தான் கிராங்க் பேரிங்கையும் கனெக்டிங் ராடையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, அடுத்த நொடியே எரிந்து சைலன்சர் வழியாக வெளியே போய்விடுகிறது. லிட்டருக்கு 20 மில்லி, அவ்வளவுதான் அந்த இஞ்சினுக்குக் கிடைக்கிற மசகு. அதை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று சுற்ற வேண்டும். ஆகவே இங்கே ஆயிலுக்கு இரண்டு வேலை. இருக்கும்போது படலம் கிழியாமல் நிற்க வேண்டும், எரிந்து போகும்போது கரி விடாமல் போக வேண்டும். விலை குறைந்த ஆயில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான் தோற்கிறது.

டப்பாவை வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஜேசோ என்று ஜப்பான்காரர்களின் தரவரிசை ஒன்று இருக்கிறது. எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று மேலே போகும். எஃப்சி என்றால் புகை குறைவு. எஃப்டி என்றால் அதே குறைந்த புகையோடு, சூட்டில் பிஸ்டனையும் ரிங்கையும் சுத்தமாக வைத்திருப்பதில் இன்னும் ஒரு படி மேலே. ஐஎஸ்ஓவில் இதற்கு ஒட்டிய தரத்தை ஈஜிடி என்று போட்டிருப்பார்கள். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், கம்பெனி பெயர் எதுவாக இருந்தாலும் சரி. வெறும் ஏபிஐ டிசி என்று மட்டும் இருந்தால் அது பழைய பரீட்சை, கெட்ட ஆயில் என்று அர்த்தமில்லை, அதைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சிவப்பும் நீலமும் பச்சையும் சாயம்தான், பெட்ரோலில் ஆயில் கலந்தாச்சா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிவதற்காகப் போடுவது.

கடைக்காரர் சொன்ன ஆட்டோ 2டி ஆயில் பெரும்பாலும் எஃப்சி தரம்தான். அதை ஊற்றினால் மிஷின் உடனே கெட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், எத்தனையோ விளைகளில் அதை வைத்தே ஓட்டுகிறார்கள். ஆனால் பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோ இஞ்சின் இவ்வளவு வேகத்தில் ஓடாது, ரோட்டில் ஏற்றமும் இறக்கமுமாக மூச்சு விட்டுத்தான் ஓடும். காடு வெட்டும் மிஷின் டேங்க் தீரும்வரை முக்கால்வாசி நேரம் முழு ஆக்சிலேட்டரில் நிற்கும். அந்தச் சூட்டில் எஃப்சி ஆயில் விடுகிற கரி, சைலன்சர் வாயிலும் ரிங் பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரும். அப்புறம் "புதுசுல இருந்த இழுப்பு இல்லை" என்று ஆரம்பிக்கும். இன்னொன்றும் இருக்கிறது. மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே ஒருவர் நாள் முழுக்க நிற்கிறார். அது நீங்களாக இருக்கலாம், கூலிக்கு வருகிறவராக இருக்கலாம். புகை குறைந்த ஆயில் வாங்குவதற்கு இந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதும். செலவையும் கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டர் ஆயில் ஐம்பது லிட்டர் பெட்ரோலுக்கு வரும். பெட்ரோலுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு ஆயிலில் மிச்சம் பிடிக்கிற காசு எவ்வளவு தேறும்?

நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் வள்ளத்து இஞ்சினுக்கு வாங்கிய ஆயில் அரை கேன், ஒரு கேன் என்று வீட்டுக்கு வந்து சேரும். அதில் டிசி-டபிள்யூ3 என்று எழுதியிருக்கும். நல்ல ஆயில்தான், விலையும் கூட, ஆனால் அது கடல் தண்ணீர் சுற்றி ஓடிக் குளிர்விக்கிற அவுட்போர்டு இஞ்சினுக்குச் செய்தது. காற்றில் மட்டும் ஆறுகிற உங்கள் மிஷினின் சிலிண்டர் அதை விட மிக அதிகமாகச் சுடும். அந்தச் சூட்டில் கரியைக் கழுவி எடுக்கிற மருந்து அந்த ஆயிலில் இல்லை. வள்ளத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெயும் அப்படித்தான். பெட்ரோலோடு கொஞ்சம் கலந்தால் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆக்டேன் (தட்டல் வராமல் தாங்குகிற தரம்) விழுந்து உள்ளே தட்டல் வரும், பிஸ்டன் தலை அரித்துப்போகும். பைக்குக்கு ஊற்றுகிற 20டபிள்யூ-40 ஆயில் எரிவதற்குச் செய்ததே அல்ல, அதிலிருக்கும் உலோக உப்புகள் சாம்பலாகிப் பிளக்கில் ஒட்டும்.

இனி அளவு. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25, 25:1 என்றால் 40. கடைக்காரரின் 40 மில்லி எங்கேயிருந்து வந்தது என்றால், அதற்கும் ஒரு பழைய நியாயம் உண்டு. ஸ்டீல் (Stihl) என்கிற ஜெர்மன் மிஷின் கம்பெனியின் பழைய புத்தகங்களிலேயே தங்கள் சொந்த ஆயில் என்றால் 1:50, வேறு கம்பெனி ஆயில் என்றால் 1:25 என்று போட்டிருந்தார்கள். சைனா மிஷின்கள் பலவற்றில் இன்றைக்கும் 25:1 என்றே இருக்கும், ஏனென்றால் வாங்குகிறவர் என்ன ஆயில் ஊற்றுவார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆக, உங்கள் புத்தகம் 50:1 சொல்கிறது, கையில் எஃப்டி ஆயில் இருக்கிறது என்றால் 20 மில்லிதான். பயமாக இருந்தால் 25 வரை போங்கள், ஒன்றும் ஆகாது. சாதாரண 2டி ஆயிலைத் தவிர வேறு வழியில்லாத நாளில் 40 ஊற்றுங்கள், புகை வரும், சைலன்சரை அடிக்கடி கழற்றிக் கரி சுரண்ட வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். எஃப்டியையும் 40 ஊற்றினால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஆயில் கூடினால் பிளக் நனையும், கரி கூடும், அதோடு கலவையில் பெட்ரோலின் பங்கு அந்த அளவுக்குக் குறைந்து இஞ்சின் கொஞ்சம் பட்டினியாகவே ஓடும்.

புது மிஷின் என்பதால் ஒரு வார்த்தை. முதல் இரண்டு மூன்று டேங்க் வரை பிளேடு புல்லில் படாமல் சும்மா முழு ஆக்சிலேட்டர் கொடுத்து அலற விடாதீர்கள். வேலையில் வைத்து ஓட்டுவது பரவாயில்லை.

"ரெண்டு மூடி ஊற்று" என்கிற கணக்கு வேண்டவே வேண்டாம். மூடிக்கு மூடி அளவு மாறும், அதே கம்பெனி டப்பாவிலேயே மாறும். மெடிக்கலில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி ஆயில் டப்பாவோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். கலக்கும் விதம் இது: கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், மூடி நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். மிஷின் டேங்கிலேயே பெட்ரோலை ஊற்றி மேலே ஆயிலைச் சொட்டு விடுவது கூடாது, கனமான ஆயில் நேராக அடிக்குப் போய் உறிஞ்சும் குழாய் வாயில் நிற்கும். முதல் ஐந்து நிமிடம் வெறும் ஆயில், அப்புறம் வெறும் பெட்ரோல் என்று ஆகிவிடும். ஒவ்வொரு தடவை நிரப்பும் முன்பும் கேனை ஒரு குலுக்குக் குலுக்குங்கள், மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் புல்லைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

சரி, பெட்ரோலுக்கு வருவோம். 2023 பிப்ரவரியில் இ20 அறிமுகமானது, இன்றைக்குப் பெட்ரோல் பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான். நூறு பங்கில் இருபது எத்தனால். இதனால் வருகிற தொல்லை மூன்று விதம், மூன்றும் ஒரே அளவு பெரிதல்ல.

முதலாவது, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வருகிற துளை) கலவை மெலிந்துபோகும், அதாவது உள்ளே போகிற காற்றுக்குப் பெட்ரோல் போதாது. கார் என்றால் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும், இதில் அது கிடையாது. மெலிந்த கலவை என்றால் சூடு கூடும். கையால் திருகிச் சரிசெய்யும் கார்புரேட்டர் உள்ள மிஷின்களுக்கு எத்தனால் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று பல புத்தகங்கள் சொல்வது இதனால்தான். ஆனால் பத்து சதவீதம் கிடைக்காத ஊரில் அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கார்புரேட்டரில் ஹெச் என்று எழுதிய திருகாணியை இடப்பக்கமாகக் கொஞ்சம், கால் சுற்றில் பாதி அளவுக்குத் தளர்த்திப் பார்ப்பதுதான் வழி. காதை வைத்துக் கேளுங்கள். பிளேடு எதிலும் படாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் ஒரே சீராகக் கீச்சென்று ஏறாமல், லேசாகத் தடுமாறிப் படபடவென்று கேட்க வேண்டும், புல்லில் இறக்கியதும் அந்தப் படபடப்பு மறைந்து சத்தம் இறுக வேண்டும். அப்படி இருந்தால் கலவை சரி. சும்மா ஓட்டும்போதே விசில் போல் ஏறிக்கொண்டு போனால் மெலிந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள். சில மிஷின்களில் அந்தத் திருகாணியே இருக்காது, அல்லது மேலே பிளாஸ்டிக் மூடி போட்டுத் தடுத்திருப்பார்கள். வாரண்டி இருக்கும்வரை அதை நீங்கள் தொடாமல் சர்வீஸில் இதைச் சொல்லிச் செய்து வாங்குங்கள். பிளக்கைக் கழற்றினால் முனை காய்ந்த தேங்காய் மட்டை நிறத்தில் இருப்பது நல்லது. வெள்ளையாக வெந்திருந்தால் சூடு அதிகம், கறுத்து ஈரமாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ கூடுதல்.

இரண்டாவது, எத்தனால் ரப்பரையும் சில பிளாஸ்டிக்கையும் தின்னும். பெட்ரோல் குழாய் உப்பும் அல்லது மஞ்சளாகி விறைக்கும், அமுக்கும் குமிழ் வெடிக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கிற மெல்லிய டயாபிரம் தகடு மாதிரி ஆகி மடங்காது. மிஷின் ஸ்டார்ட் ஆகி ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைகிறதா, பாதி நேரம் இதுதான். இவை விலை குறைந்த சாமான்கள், மாற்றிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, இரண்டுக்கும் நடுவிலும் விளைக்குள் காற்று ஈரமாகவே நிற்கும். கேன் மூடி சரியாக இறுகாமல், பாதி காலியாக, ஷெட்டில் கிடந்தால் பெட்ரோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். இ20 ஓரளவு தண்ணீரைத் தாங்கும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நீங்கள் அளந்து ஊற்றிய ஆயில் மேலே நிற்கிற பெட்ரோலோடு போய்விடும், அடியில் இறங்கியதில் ஆயில் கிடையாது. மிஷின் டேங்கில் உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது? அடியில். அதாவது சொட்டு ஆயில் இல்லாத சரக்கை இஞ்சின் குடித்துக்கொண்டு ஓடும், ஓடுகிற சில நிமிடங்களிலேயே பிஸ்டன் பிடித்துவிடும். "ஆயில் சரியாத்தான் ஊற்றினேன், எப்படி சீஸ் ஆச்சு" என்று கேட்கிறவர்களில் சிலருக்காவது பதில் இதுதான். சந்தேகம் வந்தால் கேனிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு கோடு தெரிந்தால், அல்லது மொத்தமும் மோர் போல் கலங்கலாக இருந்தால், அதை மிஷினுக்கு ஊற்றாதீர்கள். குலுக்கினால் மறுபடி கலந்துவிடும் என்பது நடக்காது.

இதனால்தான் எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கேரளத்தில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் என்பதால் அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே வரும்போது கேனில் வாங்கிப் போய் மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். காருக்கு எப்படியோ, இந்த மிஷினுக்கு அந்த மிச்சம் வேண்டாம். ஆள் அதிகம் வந்து போகிற, தினமும் சரக்குத் தீர்கிற பங்கில் வாங்குங்கள், பத்துப் பதினைந்து நாளில் தீர்கிற அளவுக்கு மட்டும் கலந்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நின்ற கலவையை நான் ஊற்றவே மாட்டேன். சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்று பெட்ரோலியம் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் நமக்கு இரண்டு லிட்டருக்கு மேல் தேவையே இல்லை. குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம், பெட்ரோலுக்கென்று செய்த கேன் எடுங்கள், நிரப்பும்போது கேனை வண்டி மேலே வைக்காமல் தரையில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள்.

விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் வாங்கலாமா என்றால், ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. இந்த மிஷின்களுக்குப் பொதுவாக 90 ஆக்டேன் போதும், சாதாரணப் பெட்ரோலே அதைத் தாண்டிவிடுகிறது. எத்தனால் இல்லாதது கிடைத்தால் மட்டும் அந்த விலைக்கு அர்த்தம் உண்டு. பெயரை நம்ப வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி நிறுத்துங்கள், திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல். அடியில் நிற்கும் தண்ணீர் பத்திலேயே நின்றால் எத்தனால் இல்லை. முப்பதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றால் அது இ20. இப்படியே தண்ணீர் விட்டு எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு மேலே நிற்பதை ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். எத்தனால் போனால் ஆக்டேனும் விழும், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் மிஞ்சும்.

வேலை முடிந்து மிஷினை இரண்டு வாரத்துக்கு மேல் மாட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை ஓட விடுங்கள். குழாயும் கார்புரேட்டரும் காய்ந்துவிடும். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே இ20 தொல்லையில் பெரும்பகுதி இல்லாமல் போகும். தை முதல் சித்திரை வரை சும்மா கிடக்கிற மிஷின்தான் அடுத்த மழைக்குக் கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலிக்க வைக்கிறது. வடித்து எடுத்த பழைய கலவையைக் கிணற்றுப் பக்கத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள், வொர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பார்ட்ஸ் கழுவ வைத்துக்கொள்வார்கள்.

எப்போதாவது மிஷின் சீஸ் ஆகி "ஆயில் கம்மியா ஊற்றிட்டீங்க" என்று மெக்கானிக் சொன்னால், பிஸ்டனை ஒரு தடவை உங்கள் கண்ணால் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்து அலுமினியம் தேய்த்த மாதிரி இருந்தால், சூட்டால் வந்தது, கலவை மெலிந்திருக்கும், அல்லது சிலிண்டர் வரிப் பள்ளங்களில் புல் அடைத்திருக்கும். சுற்றிலும் எல்லாப் பக்கமும் கீறியிருந்தால்தான் ஆயில் போகவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டர் பக்கம் பளபளப்புப் போய் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. காரணம் தெரியாமல் பிஸ்டனும் ரிங்கும் மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

இன்னொன்று, வாடகைக்கோ பக்கத்து விளையிலிருந்தோ வேறு மிஷின் எடுத்து ஓட்டும்போது முதலில் இஞ்சின் அடியைப் பாருங்கள். ஆயில் ஊற்றத் தனியாக ஒரு மூடி, உள்ளே குச்சி மாதிரி அளவுகோல் இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக், ஹோண்டாவின் சின்ன இஞ்சின்கள் அப்படித்தான். அதற்கு வெறும் பெட்ரோல்தான், கலந்த பெட்ரோல் கூடாது. ஸ்டீலில் 4-மிக்ஸ் என்று ஒன்று வருகிறது, அது ஃபோர் ஸ்ட்ரோக்தான், ஆனாலும் கலந்த பெட்ரோலில்தான் ஓடும், அதற்குத் தனி ஆயில் மூடி இருக்காது. பெட்ரோல் மூடியின் மேலோ பக்கத்திலோ பெட்ரோல் பங்கு படத்தோடு ஒரு ஆயில் சொட்டும் போட்டிருந்தால் கலந்துதான் ஊற்ற வேண்டும். படம் அழிந்து, தனி மூடியும் தெரியவில்லை என்றால் மிஷின்காரரிடம் கேட்டுவிட்டுக் கயிற்றை இழுங்கள்.